கசாய் ஆபரேஷன் முடிந்தும் மனைவி தூங்குவதே இல்லை. எங்கள் மனசைப் பற்றி டாக்டரிடம் பேசலாமா?

பையனின்_அப்பா:

வணக்கம். எங்களுக்கு மூன்றரை மாதப் பையன் இருக்கிறான். பிலியரி அட்ரீசியா. கல்லீரலுக்கு வெளியே இருக்கிற பித்தநாளம் அடைபட்டு, பித்தநீர் குடலுக்கு இறங்காமல் கல்லீரலிலேயே தேங்கிப்போகிற நோய். ஐம்பதாவது நாளில் கசாய் ஆபரேஷன் செய்தார்கள். அடைபட்ட நாளத்தை எடுத்துவிட்டு, பித்தநீர் இறங்குவதற்காகக் குடலையே கல்லீரலோடு இணைக்கிற ஆபரேஷன். இப்போது பித்தநீர் இறங்குவதற்கு அடையாளமாக மலத்தில் நிறம் வந்திருக்கிறது. ஒரு நாள் பச்சை, ஒரு நாள் வெளிர் மஞ்சள். ரத்தத்தில் மஞ்சளை உண்டாக்குகிற பிலிரூபின் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. "ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குள் 2-க்குக் கீழே வந்தால் நல்லது, வராவிட்டால் கல்லீரல் டிரான்ஸ்பிளான்ட் பற்றிப் பேசுவோம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாதிக் காலம் போய்விட்டது.

பையனின் வைத்தியத்தைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. அதற்கு நல்ல டாக்டர் இருக்கிறார். கேட்க வந்தது எங்கள் இருவரைப் பற்றி.

என் மனைவி தூங்குவதே இல்லை. பையன் அசந்து தூங்கும்போதுகூட. ராத்திரி நான் கண் விழித்தால், மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இமையை விரலால் மெல்லத் தூக்கி, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு டயப்பரையும் போட்டோ எடுக்கிறாள். அவள் மொபைலில் பையன் முகத்தைவிட டயப்பர் படம்தான் அதிகம். அழுவதில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது எனக்கு. கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க அவனைப் பாருங்க."

ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். மூன்றாவது வாரத்தில் மஞ்சள் போகவில்லை என்று காட்டியபோது, தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இது சகஜம், தானாகப் போய்விடும் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அவள் மனசு கேட்காமல் மறுபடி மறுபடி காட்டி, கடைசியில் வேறு இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். "அன்னிக்கே வேற எடத்துக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். வயித்துல இருக்கும்போதே நான் ஏதோ பண்ணியிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுகிறேன். முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போகிறேன். வீட்டில் எல்லோருக்கும் நான்தான் தைரியம். வருகிறவர்கள் எல்லாம் "நீங்க ரெண்டு பேரும் தைரியமா இருந்தாதான் குழந்தை தேறும்" என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் அவள் அழுவதையே நிறுத்தினாளோ என்று தோன்றுகிறது.

டிரான்ஸ்பிளான்ட் என்ற வார்த்தையை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். நானோ ராத்திரி முழுக்க அதைப் பற்றியே படிக்கிறேன்.

போன வாரம் பையன் தும்மினான். தும்மிவிட்டு, சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவனே திடுக்கிட்டுப் பார்த்தான். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். மறு நொடியே அவள் முகம் சுருங்கிவிட்டது.

குழந்தை இப்படி இருக்கும்போது எங்கள் மனசைப் பற்றி டாக்டரிடம் பேசுவது சரியா? அவர் நேரத்தை வீணாக்குவதாக ஆகாதா? இந்த வழியில் போனவர்கள் ராத்திரிகளை எப்படிக் கடந்தீர்கள்?

---

ஏழுவயசுக்காரி_அம்மா:

தம்பி, டாக்டரைப் பத்திக் கேட்டீங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பேசுங்க. அடுத்த தடவை போகும்போதே பேசுங்க. வேளா வேளைக்கு மருந்து அளந்து கொடுக்கறது நீங்க ரெண்டு பேரும். காய்ச்சலை முதல்ல கண்டுபிடிக்கப் போறதும் நீங்கதான். அப்படிப்பட்டவங்க தூங்கறாங்களா இல்லையாங்கறது குழந்தையோட வைத்தியத்துல சேர்ந்த விஷயம்.

எங்க பொண்ணுக்கும் இதே நோய்தான். கசாய் பண்ணியும் மஞ்சள் இறங்கல. பத்து மாசத்துல டிரான்ஸ்பிளான்ட் ஆச்சு. இப்ப ஏழு வயசு, ஸ்கூல் போறா. இதை முதல்லயே ஏன் சொல்றேன்னா, அந்த நாள்ல நான் யார் எழுதினதைப் படிச்சாலும் கடைசி வரிக்கு ஓடிடுவேன், குழந்தை இருக்கா இல்லையான்னு பார்க்க. நீங்களும் அப்படித்தான் படிப்பீங்க.

"வயித்துல இருக்கும்போதே ஏதோ பண்ணிட்டேன்." இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன். போட்ட மாத்திரை, ஏறின மாடிப்படி, நடுவுல வந்த சளிக்காய்ச்சல்னு ஒண்ணு விடாம எனக்குள்ளயே விசாரணை நடத்திக்கிட்டிருந்தேன். எங்க சர்ஜன் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இந்த நோய் எதனால வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா அம்மா சாப்பிட்டதாலயோ, செஞ்ச வேலையாலயோ, மனசு சங்கடப்பட்டதாலயோ வர்றதில்லை. பெரும்பாலும் பரம்பரையாவும் வர்றதில்லைன்னார். இந்த நோய் வந்த குழந்தைகளோட பிறந்த முதல் ரெண்டு நாள் ரத்த ரிப்போர்ட்டைப் பின்னாடி தேடி எடுத்துப் பார்த்திருக்காங்க. அப்பவே நேரடி பிலிரூபின், அதாவது பித்தநீரோட வெளியே போக வழியில்லாம ரத்தத்துல தேங்கற வகை, இருக்க வேண்டியதைவிடக் கூட இருந்திருக்கு. உங்க மனைவி அவனை ஒழுங்கா மடியில போட்டுக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச நோய் இது.

அப்புறம் அந்தத் தாமதம். பிறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு அளவுக்கு மஞ்சள் வரும், போயிடும். பிலியரி அட்ரீசியா சுமாரா 10,000-லேர்ந்து 20,000 குழந்தைக்கு ஒண்ணுக்குத்தான். அதனாலதான் ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தா மொத்த பிலிரூபினையும் நேரடி பிலிரூபினையும் பிரிச்சுப் பார்க்கணும்னு வச்சிருக்காங்க. அதைப் பார்க்க வேண்டியது வைத்தியம் பண்றவங்க, பெத்தவ இல்லை. தைவான்ல 2004-லேர்ந்து நாடு முழுக்கப் பிறந்த குழந்தையோட பெத்தவங்க கையில மலத்தோட நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டையே கொடுக்கறாங்க. வெளிர் நிறம் ஆபத்துன்னு யாருக்கும் தானா தெரியாதுன்னுதானே அச்சடிச்சுக் கொடுக்கறாங்க?

கசாய் ஆபரேஷனை 60 நாளுக்குள்ள பண்ணணும்னு சொல்லுவாங்க. உங்க பையனுக்கு ஐம்பதாவது நாள்ல பண்ணிட்டாங்க. யாரால? மனசு கேட்காம மறுபடி மறுபடி தூக்கிட்டுப் போனது உங்க மனைவின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதை அவங்க எதிர்ல உட்கார்ந்து, நாள் கணக்கோட சொல்லுங்க. "உன் மேல தப்பில்ல"ன்னு எனக்குப் பத்துப் பேர் சொன்னாங்க, காதுல ஏறல. கணக்காச் சொன்னப்போதான் ஏறிச்சு.

இப்ப அந்த டார்ச். அதைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா நீங்க தூங்கின பிறகு எழுந்து பார்ப்பாங்க, நான் பார்த்திருக்கேன். எங்களுக்கு எங்க நர்ஸ் ஒரு வழி சொன்னாங்க. கண்ணோட மஞ்சளை ராத்திரி விளக்குல சரியாப் பார்க்கவே முடியாது, காலையில ஜன்னல் பக்கத்துல, வெயில் வெளிச்சத்துல, ரெண்டு பேருமா ஒரு தடவை பாருங்கன்னாங்க. மஞ்சள் ஒரு மணி நேரத்துல ஏறி இறங்கற விஷயமும் இல்லை. அப்ப ராத்திரி எதைப் பார்க்கறது? காய்ச்சலைத்தான். கசாய் ஆன குழந்தைக்கு 38 டிகிரி, ஃபாரன்ஹீட்ல 100.4 வந்தா பித்தநாளத்துல கிருமி ஏறியிருக்குமோன்னு சந்தேகப்படணும். விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடணும். அதோட, மலம் மறுபடி வெளுத்துப் போறது, கறுப்பாப் போறது, ரத்த வாந்தி, வயிறு உப்பிக்கிட்டே வர்றது, எழுப்பினாலும் சரியா முழிக்காம துவண்டு கிடக்கறது, பாலே வேண்டாம்னு திரும்பிக்கறது. உங்க டாக்டர்கிட்டயே கேட்டு, இதையெல்லாம் அவர் வாயால சொல்லச் சொல்லி ஒரு தாள்ல எழுதி, கீழே அவங்க போன் நம்பரையும் எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. எதைப் பார்க்கணும்னு தெரியாததாலதான் மனசு எல்லாத்தையும் பார்க்குது. அந்தத் தாளை ஒட்டின அன்னிக்கும் நான் தூங்கிடல. ஆனா எழுந்தா நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டுத் திரும்பிப் படுக்கற அளவுக்கு வந்தேன்.

தூக்கத்தை முறை வச்சுக்கோங்க. "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்"னு சும்மா சொன்னா நடக்காது. ராத்திரியை ரெண்டாப் பிரிச்சு, முன்பாதி ஒருத்தர், பின்பாதி ஒருத்தர். முறை இல்லாதவங்க வேற ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. சேர்ந்தாப்புல நாலஞ்சு மணி நேரம் தூங்கணும், விட்டு விட்டுத் தூங்கறது கணக்குல வராது. பிரசவம் ஆகி மூணு மாசம்தான் ஆகுது அவங்களுக்கு. அந்த உடம்பு இன்னும் தேறல. எல்லாரும் பையனோட பிலிரூபினைக் கேக்கறாங்களே, அவங்களுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு யாராவது கேட்டாங்களா?

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா கேக்கறேன். பாலை மாத்தினாங்களா? கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் வேணும். அது சரியா இறங்காத குழந்தைக்குப் பித்தநீர் இல்லாமலே உறிஞ்சற எம்சிடி கொழுப்பு சேர்த்த ஃபார்முலா கொடுக்கச் சொல்லுவாங்க. நிறையப் பேருக்குத் தாய்ப்பாலோட சேர்த்தே கொடுக்கலாம்பாங்க. எடை ஏறலைன்னா மூக்கு வழியா டியூப். குழந்தையோட ஆபரேஷன் தழும்பைப் பார்த்ததைவிட, பாலை மாத்தினதுதான் எனக்கு அதிகமா வலிச்சது. தம்பி, வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு அது டப்பா மாத்தற விஷயம். எனக்கோ, வயித்துலயும் ஒழுங்கா வளர்க்கல, இப்ப என் பாலும் போதலன்னு தோணிச்சு. யார்கிட்டயும் சொல்லல, கேக்கறவங்களுக்கு அல்பமாத் தெரியுமோன்னு. உங்க வீட்டுலயும் அப்படி மாத்தியிருந்தா, அதைப் பத்தி நீங்களாக் கேளுங்க. அழுகை அங்கேதான் தேங்கி நிக்கும்னு எனக்குத் தோணுது. குழந்தை மார்ல சப்பிக்கிட்டுக் கிடக்கலாமான்னு டாக்டரையும் கேளுங்க. எங்களுக்குச் சம்மதிச்சாங்க. வயிறு நிறையறதுக்காக இல்ல, ரெண்டு பேருக்கும் ஆறுதலுக்காக.

நீங்க ராத்திரி படிக்கிறதைப் பத்தி: எதைப் படிச்சாலும் எந்த வருஷம் எழுதினதுன்னு பாருங்க. 1950-கள்ல மோரியோ கசாய்ங்கற ஜப்பான் சர்ஜன் இந்த ஆபரேஷனைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி, இந்தக் குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டு வயசைத் தாண்டினதில்லை. 1963-ல தாமஸ் ஸ்டார்ஸில் மனுஷனுக்கு முதல் தடவையாக் கல்லீரல் மாத்தினப்போ, ஆபரேஷன் டேபிள்ல கிடந்தது இதே நோய் வந்த மூணு வயசுக் குழந்தை. பிழைக்கல. இப்ப நல்ல அனுபவம் உள்ள இடங்கள்ல டிரான்ஸ்பிளான்ட் ஆன குழந்தைங்கள்ல 100-க்கு 90-க்கு மேல முதல் வருஷத்தைத் தாண்டிடறாங்க. பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒண்ணாக் கலந்து நடுராத்திரியில படிச்சா யாருக்கும் நெஞ்சு அடைக்கும். கசாய் ஆன குழந்தைங்கள்ல சுமார் பாதிப் பேருக்கு ரெண்டு வயசுக்குள்ள டிரான்ஸ்பிளான்ட் தேவைப்படுது. அது ரெண்டாவது வழி. அங்கே போக வேண்டி வந்தா, கசாய் தோத்ததுக்கு நீங்க காரணம்னு அர்த்தம் இல்லை.

நீங்க பேசணும்ங்கறீங்க, அவங்க கேக்க மாட்டேங்கறாங்க. அவங்க இன்னும் இந்த மாசத்துலதான் இருக்காங்க, நீங்க அடுத்த வருஷத்துக்குப் போயிட்டீங்க. எங்க வீட்டுல இது நேர்மாறா இருந்துச்சு, நான் பேசினா அவர் எழுந்து போவார். கடைசியில, சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் மட்டும் அதைப் பேசறதுன்னு வச்சோம். நேரம் முடிஞ்சா நிறுத்திடணும். பேச விருப்பம் இல்லாதவங்க "இன்னிக்கு வேண்டாம்"னு சொல்லலாம், காரணம் கேக்கக் கூடாது.

அந்தப் பேச்சு ஒரு நாள் "யார் கொடுக்கறது"ங்கற இடத்துக்கு வரும். பெத்தவங்கள்ல ஒருத்தர் தன் கல்லீரல்ல இடது பக்கத்து ஓரத் துண்டு, நாலுல ஒரு பங்கோ அதுக்கும் கொஞ்சம் குறைவாவோ கொடுப்பாங்க. கொடுத்தவங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடும். நான்தான் கொடுக்கப் போறேன்னு நிச்சயமா நம்பியிருந்தேன். ஸ்கேன்ல கொழுப்புப் படிஞ்ச கல்லீரல்னு வந்தது, என்னை எடுத்துக்கல. என் கணவர் கொடுத்தார். ஆபரேஷன் அன்னிக்கு ஒரு ஐசியூல அவர், இன்னொண்ணுல குழந்தை, நடுவுல காரிடார்ல நான். கொடுக்கறவங்களுக்கு ஒரு டாக்டர் குழு தனியா இருக்கும். காரிடார்ல நிக்கறவங்களுக்கு யாரும் இருக்க மாட்டாங்க. அதனால உங்க ரெண்டு பேர்ல யார் கொடுத்தாலும், மத்தவர் கூட நிக்க ஒரு ஆளை இப்பவே மனசுல வச்சுக்கோங்க. பேச்சுக் கொடுக்கறவங்களா வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களாப் பாருங்க.

தைரியமா இருந்தாதான் குழந்தை தேறும்னு சொல்றவங்ககிட்ட, டாக்டர் அப்படிச் சொல்லலன்னு சொல்லிடுங்க. கல்லீரலுக்கு அம்மா அழுதாளா இல்லையான்னு தெரியாது. அந்தக் கண்ணீரை வண்டியில தனியா விடாம ஒரு நாள் வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. நீங்க அழுது அவங்க பார்த்தா அவங்க உடைஞ்சு போவாங்கன்னு பயப்படறீங்க. என் கணவர் அழுததை நான் முதல் தடவை பார்த்தப்போ எனக்கு வந்தது பயம் இல்லை. இந்தக் குழந்தைக்காக இந்த வீட்டுல இன்னொருத்தரும் துடிச்சுக்கிட்டிருக்கார்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

---

மழைக்காலம்:

தும்மலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மகள் டிரான்ஸ்பிளான்டுக்குக் காத்திருக்கும்போதே போய்விட்டாள். உங்கள் பையனுக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. அவன் நிலைமை வேறு, மலத்தில் நிறம் வந்திருப்பது நல்ல செய்தி. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் மூக்கில் டியூப் இருந்தது, கன்னத்தில் டேப் ஒட்டியிருந்தது. டியூப் எடுத்த பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வார்டில் அடுத்த கட்டில் குழந்தை கிலுகிலுப்பையைக் கீழே போட, அந்தச் சத்தத்துக்கு இவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. டியூபோடும் டேப்போடும் அதை வீடியோ எடுத்தேன். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது. எங்களிடம் அவள் குரல் இருப்பது அந்த ஒன்றில்தான்.

அதனால், டயப்பர் படம் எடுக்கிற கையாலேயே அவன் முகத்தையும் தினமும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சளாக இருந்தால் இருக்கட்டும். நீங்கள் இருவரும் சிரித்ததில் குழந்தைக்கு நீங்கள் செய்த துரோகம் எதுவும் இல்லை.

---

வார்டு_செவிலி:

குழந்தைகள் கல்லீரல் வார்டில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். மேலே அந்த அம்மா எழுதியதில் பெரும்பகுதியை நானே பெற்றோரிடம் சொல்வதுண்டு. விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் மனைவி அழவில்லை என்பதால் அவருக்கு மனச்சோர்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாதது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, சிரித்தவுடன் முகம் சுருங்குவது, எல்லாவற்றுக்கும் தன்னையே காரணம் காட்டுவது எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். குழந்தைக்குப் பெரிய நோய் என்று தெரிந்த எந்தத் தாய்க்கும் முதல் சில நாட்கள் இப்படி இருக்கும். இரண்டு வாரம் தாண்டியும் குறையாமல் இருந்தால் உதவி தேவை. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987-ல் வெளியானது, பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தது என்று கேட்கும். தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். தந்தையருக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள், ஆகவே நீங்களும் எழுதிப் பாருங்கள். அதன் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். "நானும் குழந்தையும் இல்லாமல் போனால் தேவலை" என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் அப்படித்தான், அவரைத் தனியாக விடாதீர்கள்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று பலர் தயங்குவார்கள். உள்ளே போனவுடன், ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், குழந்தை பிறந்ததிலிருந்து என் மனைவி தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கல. எனக்கும் சமாளிக்க முடியல. எங்களை யார்கிட்ட அனுப்பறீங்க?" கடைசிக் கேள்வியை அப்படியே கேளுங்கள். "நாங்க நல்லா இருக்கோமா?" என்று கேட்டால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். யாரிடம் அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு பயமும் பெற்றோரிடம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். மனநல சிகிச்சை எடுப்பது தெரிந்தால் டோனராக ஏற்க மாட்டார்களோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். டிரான்ஸ்பிளான்டுக்கு முன்னால் பெற்றோருடனும் டோனருடனும் தனித்தனியாக ஒருவர் உட்கார்ந்து பேசுவார். டோனரிடம் தனியாகக் கேட்பதற்குக் காரணமே, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுப்பதுதான். மனச்சோர்வு இருந்து சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து நாங்கள் கவலைப்படுவதில்லை. மறைத்து வைத்து, மருந்து வேளைகளைத் தவறவிடும் அளவுக்குக் களைத்துப்போனவரைப் பார்த்துத்தான் கவலைப்படுவோம். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன, செர்ட்ரலின் அதில் ஒன்று. வேண்டுமா வேண்டாமா என்பதை மனநல மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வண்டியில் அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அழுது முடித்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

---

பையனின்_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மொபைலை அவளிடம் கொடுத்து, நானே எழுதியதையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். டார்ச் விஷயத்தை எழுதியதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். பால் பற்றிய பத்திக்கு வந்ததும் மொபைலைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். ஆமாம் அக்கா, ஃபார்முலா மாற்றினார்கள். எனக்கு அது உண்மையிலேயே டப்பா மாற்றிய விஷயமாகத்தான் தெரிந்தது.

நேற்று ராத்திரி முன்பாதி நான் விழித்திருந்தேன். அவள் பக்கத்து அறையில் படுத்தாள். ஒரு மணிக்கு மேல் எழுந்து வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். டார்ச் எடுக்கவில்லை. பத்துக் கேள்விகளை வருகிற விசிட்டில் டாக்டர் முன்னாலேயே எழுதுகிறேன் என்றிருக்கிறாள். நானும் எழுதுகிறேன்.

மழைக்காலம், உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்று காலை ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பையன் முகத்தை எடுத்தோம்.

அக்கா, ஒன்று கேட்க விட்டுப்போனது. பெரியவளுக்கு நாலு வயது. எங்கள் பெற்றோரிடம்தான் அதிகம் இருக்கிறாள். "தம்பிய எப்ப ஆஸ்பத்திரிலயே விட்டுட்டு வருவீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு எவ்வளவு சொல்வது?

---

ஏழுவயசுக்காரி_அம்மா:

அவ அப்படிக் கேட்டதுக்குத் திட்டலைன்னு நினைக்கிறேன். எங்க பெரியவனுக்கு அப்ப அஞ்சு வயசு, அவனும் இதைவிடக் கடுமையாவே கேட்டிருக்கான். அம்மா அப்பாவைக் காணோம்னு சொல்றதுக்கு அந்த வயசுல அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அதுதான்.

எந்த உறுப்புல கோளாறுன்னு பேர் சொல்லியே சொல்லுங்க. "தம்பி வயித்துக்குள்ள கல்லீரல்னு ஒண்ணு இருக்கு, அது சரியா வேலை செய்யல, டாக்டர் சரி பண்ணப் பார்க்கறாங்க." அது போதும். அதோட மூணு விஷயம் அவ கேக்காமலே சொல்லிடணும். நீ அடிச்சதாலயோ, கோவப்பட்டதாலயோ இது வரல. உனக்குத் தொத்திக்காது. நாங்க இல்லாதப்போ உன்னை இன்னார்தான் பார்த்துப்பாங்க. சரியாயிடுமான்னு கேட்டா, "ஆயிடும்"னு சத்தியம் பண்ணாதீங்க. "எல்லாரும் முயற்சி பண்றோம், உனக்கு எதையும் மறைக்க மாட்டோம்"னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கற அளவுக்கு அவளுக்குப் புத்தி இருக்கு, போன்ல நீங்க மெதுவாப் பேசறதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா.

தினம் ஒரு அரை மணி நேரம், உங்கள்ல ஒருத்தர் அவளுக்கு மட்டும். அந்த நேரத்துல தம்பி பேச்சு வேண்டாம், அவளா எடுத்தாத் தவிர. ஆஸ்பத்திரியில தங்க வேண்டி வந்தா, எந்த ராத்திரி யார் வீட்டுல இருப்பாங்கன்னு முன்னாடியே சொல்லி, காலண்டர்ல அவ கையாலயே படம் போட்டுக் குறிக்கச் சொல்லுங்க. எங்க பையன் கடைசி வரைக்கும் கேட்டது அதை ஒண்ணைத்தான், இன்னிக்கு ராத்திரி யாருன்னு.